இல்லாத கப்பலில் பன்னிரண்டு நாற்காலிகள்

"மேடம், ஒரு கப்பல் காணாமப் போச்சு," என்றார் வந்தவர்.

அண்ணி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு சலவைக் கடை, எதிரே ஒரு தையல்காரர், அதற்கு அந்தப் பக்கம் பஸ் நிலையம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து ஒரு பகல் முழுவதும் பஸ்ஸில் போக வேண்டும்.

"எவ்வளவு பெரிய கப்பல்?" என்று கேட்டாள் அண்ணி, தொலைந்துபோன பூனையைப் பற்றி விசாரிப்பவள் போல.

"இந்தத் தெரு நீளம் இருக்கும்."

"கடைசியா எங்க பார்த்தீங்க?"

"ஒரு நிலாவுக்குப் பக்கத்துல."

"அண்ணி, இது நம்ம எல்லைக்குள்ள வராது," என்றேன். "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுங்க. எந்த நிலான்னு கேட்டு எழுதிக்குவாங்க."

"கேட்டாங்க சிஸ்டர்," என்றார் அவர் பரிதாபமாக. "அங்கிருந்துதான் வரேன்."

அண்ணி என்பது என் அண்ணனின் மனைவி. அவளுடைய துப்பறியும் நிறுவனத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். யோசிக்க அவள், குறுக்கே பேச நான். என்னை 'வாலு' என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. அதனால் அது இனிமேல் இந்தப் பக்கங்களில் மட்டும் இருக்கும்.

வந்தவர் நன்றாகத் தேய்த்த சட்டையும் பளபளக்கும் ஷூவும் போட்டிருந்தார். 'கப்பல்கள் வாங்கவும் விற்கவும்' என்று அச்சடித்த அட்டை ஒன்றை நீட்டினார். விலாசம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த அட்டையைப் பார்த்ததிலிருந்து எங்களுக்கு அவர் கப்பல்காரர்.

அவர் விளக்கியது இதுதான். கம்ப்யூட்டரில் ஒரு விண்வெளி விளையாட்டு இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே அதற்குள் போய் ஒருவரை ஒருவர் சந்தித்துக்கொள்ளலாம், சண்டை போடலாம், சரக்கு ஏற்றலாம். போய்வர ஒரு கப்பல் வேண்டும். சின்னக் கப்பலைச் சும்மா கொடுத்துவிடுவார்கள். பெரிய கப்பலுக்குப் பணம். நிஜப் பணம்.

"எவ்வளவு நிஜம்?" என்றேன்.

சொன்னார். அண்ணி வாய்வரை கொண்டுபோன காபியை மறுபடி மேசையில் வைத்தாள்.

"அந்த விலைக்கு ஒரு கார் வாங்கலாமே!"

"காரை வாங்கிட்டு எங்க நிறுத்துவீங்க சிஸ்டர்? இதுல அந்தத் தொல்லையே கிடையாது. மழை படாது. துரு பிடிக்காது."

"தொடவும் முடியாது."

"அதனாலதான் கீறலும் விழாது," என்றார், ஒரு கணம் தன் கவலையையே மறந்து.

"வீட்டுல என்ன தொழில்னு சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"மனைவிக்கு எல்லாம் தெரியும். மாமனாருக்குக் கப்பல் வியாபாரம்னு சொல்லியிருக்கு. பொய் இல்லையே மேடம்? அவர் எந்தத் துறைமுகம்னு கேக்கல. நான் சொல்லல."

அண்ணி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கைக்குட்டையை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"எங்க தொழில்ல கடை கிடையாது. சரக்கைத் தூக்கிப் பார்க்க முடியாது. வாக்கு ஒண்ணுதான் முதல். கப்பல் வாங்குறவங்க எல்லாரும் கூடிப் பேசுற ஒரு பலகை இருக்கு, இன்டர்நெட்டுல. அதுல ஏமாத்துக்காரன்னு ஒரு பேர் ஏறிட்டா அதோட சரி. அப்புறம் அவன்கிட்ட ஒரு துடுப்பு கூட யாரும் வாங்க மாட்டாங்க. இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு என் பேரை ஏத்தப் போறாங்க."

"யாரு?"

"பல் டாக்டர் ஒருத்தர். அவரோட ஆளுங்க பதினோரு பேர்."

இதே ஊரில் இருக்கும் ஒரு பல் டாக்டருக்குச் சில மாதங்களுக்கு முன் அவர் ஒரு பெரிய கப்பலை விற்றிருக்கிறார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டும் கப்பல். டாக்டர் கேட்டபடி கத்தரிப்பூ நிறமும் அடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த விண்வெளியில் அந்த நிறத்தில் வேறு கப்பலே கிடையாதாம். போன வாரம் அது காணாமல் போயிற்று. மறுநாளே யாரோ ஊர்பேர் தெரியாத ஒருவர் அதே கப்பலைப் பலகையில் விலைக்குப் போட்டு, அன்றே விற்றும்விட்டார்.

"நான் ரெண்டாவது சாவி ஒண்ணு ஒளிச்சு வச்சிருந்தேனாம். அதை வச்சு எடுத்து, வேற பேருல வித்துட்டேனாம்."

"வச்சிருந்தீங்களா?"

"அப்படி ஒண்ணு இருக்கவே முடியாது மேடம். கை மாறின உடனே என் பக்கம் எல்லாம் அழிஞ்சிடும். ஆனா இல்லாத சாவியை இல்லைன்னு எப்படிக் காட்டுறது?"

அண்ணி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். யோசிக்கத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம். அந்தக் கண்ணாடி இப்போது என் மேசையில் இருக்கிறது. எப்போதாவது மாட்டிப் பார்ப்பேன். எனக்குத் தலை சுற்றுகிறதே தவிர ஒன்றும் புலப்படுவதில்லை.

"விலைக்குப் போட்டாங்களே, படம் போட்டிருந்தாங்களா?"

படங்கள் இருந்தன. கப்பல்காரர் தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். வெளியே கத்தரிப்பூ நிறம். உள்ளே ஒரு நீண்ட அறை, முன்னால் பெரிய கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே நட்சத்திரம். இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலிகள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் மடக்கு கை வைத்த ஒரு சின்ன விளக்கு.

"நீங்க இவருக்கு விக்கும்போது எடுத்த படம் இருக்கா?"

அதையும் காட்டினார். அதே அறை, அதே நாற்காலிகள். அண்ணி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் தள்ளினாள்.

"வாலு, ஆறு வித்தியாசம் கண்டுபிடி."

எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. கப்பல்காரர் எடுத்த படத்தில் நாற்காலிகள் எல்லாம் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. விளக்குகள் தாழ்ந்து இறங்கியிருந்தன. ராஜா சபை மாதிரி இருந்தது. விலைக்குப் போட்ட படத்தில் அத்தனை நாற்காலிகளும் தரையோடு தரையாக இறங்கி, ஒரே பக்கமாகத் திரும்பி, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. விளக்குகள் மேலே ஒதுங்கியிருந்தன.

"நாற்காலி தானா இறங்குமா?" என்றாள் அண்ணி.

"இறங்காது மேடம். கடைசியா உட்கார்ந்தவங்க எப்படி விட்டாங்களோ அப்படியே இருக்கும். ஒவ்வொண்ணா போய் மாத்தினாதான் உண்டு."

"விக்கிறவன் இப்படிப் படம் எடுப்பானா?"

கப்பல்காரரின் முகத்தில் தொழில் ரோஷம் தெரிந்தது. "சே! கம்பீரமா நிமிர்த்தி வச்சு, கண்ணாடிக்கு நேரா திருப்பி, பின்னால ஒரு கிரகம் தெரியுற மாதிரி எடுக்கணும் மேடம். இது ஏதோ... எல்லாரும் எழுந்து போங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"இல்லை," என்றாள் அண்ணி. "வாங்க, வந்து உட்காருங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு. திருடன் பன்னிரண்டு நாற்காலியையும் மெனக்கெட்டு இறக்கி வச்சிருக்கான். அந்த டாக்டரோட ஆஸ்பத்திரி எங்க?"

அது பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு புத்தகக் கடையின் மாடியில் இருந்தது. குறுகலான படி. படியின் முடிவில் ஒரு பலகை: காலையில் டாக்டர், மாலையில் டாக்டரம்மா. கணவனும் மனைவியும். உள்ளே பெஞ்சு நிறைய ஆட்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அண்ணி என் பெயரைக் கொடுத்தாள்.

"எனக்குப் பல் வலி இல்லையே அண்ணி."

"இவ்வளவு பேசுற வாய். எங்கயாவது தேய்ஞ்சிருக்கும். காட்டிட்டு வந்துடலாம்."

காத்திருந்தபோது பக்கத்திலிருந்த பெரியவர் பெருமூச்சு விட்டார். "ரெண்டு டாக்டர், ஒரே நாற்காலி. இவர் எழுந்தா அந்தம்மா, அந்தம்மா எழுந்தா இவர். நமக்கு எப்பவும் பெஞ்சுதான்."

எங்கள் முறை வந்தது. டாக்டர் ஆள் பெரியவர், குரல் சின்னது. அண்ணி சுற்றி வளைக்காமல், "கப்பல்காரர் அனுப்பி வந்தோம்," என்றாள். அவர் உடனே போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவா பேசுங்க. என் மனைவிக்கு இந்தக் கப்பல் விஷயமே தெரியாது."

"எங்ககிட்ட பயப்படாதீங்க. இவளுக்குப் பல்லைப் பார்த்துக்கிட்டே பேசுங்க. வெளியில இருக்கிறவங்களுக்குச் சந்தேகம் வராது."

என்னைச் சாய்த்துப் போட்டு, விளக்கைக் கீழே இழுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஒரு கண்ணாடியையும் ஒரு கம்பியையும் விட்டார். அதன் பிறகு விசாரணை முழுவதும் என் தலைக்கு மேலே நடந்தது. என்னால் ஒரு வார்த்தை குறுக்கே பேச முடியவில்லை. எங்கள் வரலாற்றிலேயே மிகச் சிறந்த விசாரணை அதுதான் என்று அண்ணி பின்னாட்களில் யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை.

"அந்தக் கப்பல்ல உங்ககூட வர்றவங்க யாரு?"

டாக்டரின் குரல் இளகியது. "பதினோரு பேர். ஒருத்தர் லிஃப்ட் மெக்கானிக். ஒருத்தங்க ஸ்கூல் டீச்சர். ஒருத்தர் பேக்கரி வச்சிருக்கார். ஒருத்தரையும் நேர்ல பார்த்ததில்லை. வேலை முடிஞ்சதும் எல்லாரும் வந்து உட்காருவோம். சும்மா ஒரு நிலாவைச் சுத்திட்டு வருவோம். பெரும்பாலும் பேச்சுதான்."

"அவங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

கம்பி என் வாயில் ஒரு கணம் நின்றது. "கேப்டன்."

"உங்க பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப கப்பல்காரர்தான் எடுத்தார்னு உங்களுக்கு நிச்சயமா தெரியும்?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர், என்னைப் பார்த்து.

சொல்லிக்கொண்டே வலது காலால் எதையோ அழுத்தினார். என் நாற்காலி நிமிர்ந்து மெல்லத் தரையை நோக்கி இறங்கியது. முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினார். நான் உட்கார்ந்தபடியே வாசல் பக்கம் திரும்பினேன். புறங்கையால் விளக்கை மேலே ஒதுக்கினார். இது மூன்றையும் செய்தபோது அவர் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விடுவதைப் போல அது தானாக நடந்தது.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

படியில் இறங்கும்போதுதான் எனக்கு வாய் திரும்பக் கிடைத்தது.

"அண்ணி! நாற்காலி!"

"நீ அதுலதானே உட்கார்ந்திருந்த. எனக்குச் சொல்றியா?"

"அடுத்த ஆள் ஏறி உட்கார வசதியா இறக்கி, வாசலைப் பார்த்துத் திருப்பி, தலையில இடிக்காம விளக்கை ஒதுக்கி... பல் டாக்டருங்கதான் இப்படிச் செய்வாங்க. கப்பலை வித்தது இந்த ஆஸ்பத்திரி ஆளு."

"எந்த ஆளு?"

"டாக்டரம்மாதான், வேற யாரு? புருஷன் மறைச்சு வாங்கியிருக்கார். பொண்டாட்டி கண்டுபிடிச்சுட்டாங்க. நேரா சண்டை போடாம கமுக்கமா வித்துட்டாங்க. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்."

"உனக்குக் கல்யாணம் ஆகாம இருக்கிறதுல எவ்வளவு பேர் தப்பிச்சிருக்காங்க பாரு. ஏன், டாக்டரே வித்திருக்கக் கூடாதா?"

"தன் கப்பலைத் தானே திருடுவாரா? அப்புறம் எதுக்குப் பதினோரு பேரைக் கூட்டி ஊரே கேக்கக் கூப்பாடு போடணும்?"

"அதுதான் எனக்கும் புரியல," என்றாள் அண்ணி. "சரி, பந்தயம். நீ சொன்னது சரின்னா ஒரு வாரம் ஆபீஸை நான் கூட்டுறேன்."

"தோத்தா?"

"எப்பவும் போல நீயே கூட்டு."

கீழே புத்தகக் கடையில் நின்று பழைய வார இதழ்களைப் புரட்டினோம். கடைக்காரர் எங்களை இரண்டு முறை முறைத்த பிறகு அண்ணி ஒன்றை விலை கொடுத்து வாங்கினாள். நான்கு மணி சுமாருக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு டாக்டரம்மா இறங்கினார். ஒல்லியாக, வேகமாக நடப்பவர். படியில் கால் வைப்பதற்குள் அண்ணி குறுக்கே போனாள்.

"டாக்டர், ஒரு நிமிஷம். அந்தக் கத்தரிப்பூக் கலர் கப்பல் விஷயமா..."

நான் அவர் முகம் வெளுப்பதைப் பார்க்கத் தயாராக நின்றேன். அது வெளுக்கவில்லை.

"வாங்க வந்தீங்களா? அடடா, அது வித்துப் போச்சே!"

"யார் வித்தாங்க?"

"அவர்தான். வேற யாரு? அவரோட கப்பல்."

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலேயே அவள் முதுகு சிரித்தது.

"உங்களுக்குக் கப்பல் விஷயமே தெரியாதுன்னு சொன்னாரே."

"எனக்கா?" டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "வாங்கின அன்னைக்கே வந்து சொல்லிட்டாருங்க. வெளியில எப்படியோ, என்கிட்ட ஒரு விஷயத்தை மறைக்கணும்னா அவருக்குச் சோறு இறங்காது. எனக்குக் கோபம் வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. கல்யாணமான நாள்லேர்ந்து ரெண்டு பேரும் ஒரே நாற்காலியைப் பங்கு போட்டுக்கிட்டிருக்கோம். இவர் பன்னிரண்டு நாற்காலி வச்ச கப்பலை வாங்கிட்டு வந்து நிக்கிறார். அதுல ஒண்ணுலயாவது ஒரு நோயாளியை உட்கார வைக்க முடியுமான்னு கேட்டேன். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்லல. போன வாரம் அவராவே வந்து, வித்துட்டேன், உனக்கு ஒரு நாற்காலிக்குச் சொல்லியிருக்கேன்னார். வெள்ளிக்கிழமை வருது."

"அதை வித்தது யாரோ திருடன்னு அவரோட ஆளுங்க சொல்றாங்க," என்றாள் அண்ணி. "அதுக்கு ஒரு மனுஷனைக் கைகாட்டியிருக்காங்க. இன்னைக்கு ஆறு மணிக்கு அவர் பொழைப்பு போகப் போகுது."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. ஹெல்மெட்டை என் கையில் திணித்துவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறினார்.

கடைசி நோயாளி போய், டாக்டர் கைகழுவிக்கொண்டிருந்தார். மனைவியையும் பின்னால் எங்களையும் பார்த்ததும் குழாயை மூட மறந்தார். அண்ணி போய் அதை மூடிவிட்டு நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காருங்க டாக்டர்."

அவர் உட்கார்ந்தார். நோயாளியின் நாற்காலியில் அவ்வளவு பெரிய மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். அண்ணி கப்பல்காரர் அனுப்பிய படத்தை என் போனில் திறந்து அவர் மடியில் வைத்தாள்.

"பன்னிரண்டு நாற்காலியையும் இறக்கி வச்சிருக்கீங்க."

அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். "இறக்கி வச்சேனா? எனக்கே தெரியல. படம் எடுக்கறதுக்கு முன்னால கடைசியா ஒரு தடவை உள்ள போய் ஒவ்வொண்ணா தொட்டுட்டு வந்தேன். வாங்கப்போறவங்க யாரோ, வசதியா ஏறி உட்காரட்டுமேன்னு..."

"அந்த மனுஷனைத் திருடன்னு சொன்னீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"நான் சொல்லல."

"பின்ன?"

"கேப்டன், கப்பல் எங்கன்னு கேட்டாங்க. வித்துட்டேன்னு சொல்ல வாய் வரல. காணோம்னு சொன்னேன். காணோம்னு சொன்னா ரெண்டு நாள் வருத்தப்பட்டுட்டு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். அவங்க விடல. எங்க கேப்டன் கப்பலை எவன் தொட்டான்னு கிளம்பிட்டாங்க. பதினோரு பேரும் ராவும் பகலும் தேடிக் கடைசியா கப்பல்காரர்தான்னு அவங்களாவே முடிவு பண்ணிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. இவங்க உன்கிட்ட வந்து கேட்டா உண்மை வந்துடும்னு, உனக்குத் தெரியாதுன்னு வேற சொன்னேன். மத்தபடி வாயைத் திறக்காம இருந்தேன்."

"நாள் பூரா ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் வாயைத் திற, வாயைத் திறன்னு சொல்றவர்," என்றார் டாக்டரம்மா.

டாக்டர் மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். "இங்க வர்றவங்க வலி போனதும் போயிடுவாங்க," என்றார் மெதுவாக. "யாரும் நம்மளைப் பார்க்கணும்னு வர்றதில்லை. அங்க பதினோரு பேர் வருவாங்க. விக்கிற கேப்டனை யார் கேப்டன்னு கூப்பிடுவாங்க?"

எனக்குக் கிண்டல் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அண்ணி பார்த்த பார்வையில் அதை விழுங்கிவிட்டேன்.

"உங்க கூச்சத்துக்கு அவரை விலை கொடுக்க வைக்கக் கூடாது டாக்டர்," என்றாள். "கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

எக்ஸ்ரே எடுக்கும் சின்ன அறையில் இருந்தது. நான் கப்பல்காரருக்குப் போன் செய்தேன். அவர் பஸ்ஸுக்குக் காத்திராமல் ஓடியே வந்திருக்க வேண்டும். சட்டையின் இஸ்திரி முழுவதும் போயிருந்தது. டாக்டரைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். அண்ணி விரலை உதட்டில் வைத்தாள். ஐந்து பேர் அந்த அறைக்குள் நின்றோம். ஒருவர் மூச்சு விட இன்னொருவர் வயிற்றை உள்ளிழுக்க வேண்டியிருந்தது.

டாக்டர் தலையில் மாட்டும் ஒலிக்கருவியை எடுத்தார். டாக்டரம்மா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார். "எல்லாருக்கும் கேக்கட்டும்."

திரையில் ஒரு காலி மைதானம். கப்பல் இல்லாமல் பதினோரு உருவங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

"கேப்டன் வந்துட்டார்!" என்றது ஒரு கட்டைக் குரல். பேக்கரிக்காரராம். "கேப்டன், எல்லாம் ரெடி. டீச்சர் எழுதி முடிச்சுட்டாங்க. ஆறு அடிச்சதும் ஏத்திடலாம்."

"ஏத்தாதீங்க," என்றார் டாக்டர்.

யாரும் ஏன் என்று கேட்பதற்குள் டாக்டரே தொடர்ந்தார்.

"கப்பலை யாரும் திருடல. நான்தான் வேற பேருல வித்தேன். என் வீட்டுல ஒரு நாற்காலி தேவைப்பட்டுச்சு. உங்ககிட்டச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதனால காணோம்னு சொன்னேன். நீங்க அந்த மனுஷனைச் சொன்னப்ப நான் தடுக்கல. அதுதான் பெரிய தப்பு. கப்பல்காரருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

பதினோரு உருவங்களும் அசையவில்லை. கப்பல்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"வித்ததுக்கா வெக்கம்?" என்றது கடைசியில் ஒரு குரல். லிஃப்ட் மெக்கானிக். "நீங்க அதை நிறுத்துற லட்சணத்துக்கு இல்ல வெக்கப்பட்டிருக்கணும்? எத்தனை நிலாவை இடிச்சீங்க? கப்பல் போனதுல எங்களைவிட நிலாவுக்குத்தான் நிம்மதி."

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். டாக்டர் சிரிக்கவில்லை. மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தார்.

"சிரிக்காதீங்க," என்றது ஒரு பெண்குரல். வகுப்பே அடங்கியது போல எல்லாரும் அடங்கினார்கள். "இதுல சிரிக்க ஒண்ணுமில்ல. ஒரு அப்பாவி மனுஷனைப் பத்தி நான் ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேன். நல்லா வேற எழுதியிருக்கேன். கேப்டன், அவர்கிட்ட நாம எல்லாரும் மன்னிப்புக் கேக்கணும். அவரை எங்க பிடிக்கிறது?"

"இங்கதான் இருக்கார்."

பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். சிலர் சார் என்றார்கள், ஒருவர் அண்ணே என்றார். பேக்கரிக்காரர், விலாசம் கொடுத்தால் ஒரு கேக் அனுப்புவதாகச் சொன்னார். கப்பல்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். முதுகு மட்டும் குலுங்கியது.

எல்லாம் முடிந்தபோது டாக்டர் எழுந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"என்ன செய்யணும் சொல்லுங்க. செய்யறேன்."

கப்பல்காரர் மூக்கைத் துடைத்தார். "வாயால சொன்னது போதாது சார். பலகையில எழுதுங்க. என்னை நல்லவன்னு எழுத வேண்டாம். நடந்ததை எழுதுங்க. உங்க பேர்ல."

டாக்டர் உட்கார்ந்து எழுதினார். ஐந்தாறு வரிதான். ஒளிக்காமல், சாக்குச் சொல்லாமல் எழுதினார். அனுப்புவதற்கு முன்னால் எழுந்து இடம் விட்டார். கப்பல்காரர் குனிந்து, உதடு அசைய, இரண்டு தடவை படித்தார். பிறகு தன் விரலாலேயே அழுத்தி அனுப்பினார்.

நிமிர்ந்தபோது வேறு ஆளாக இருந்தார். கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"போகட்டும் கேப்டன். மனசுல வச்சுக்க மாட்டேன். ஆனா தொழில்காரனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. விக்கணும்னு தோணினப்ப என்கிட்ட வந்திருக்கலாம். நீங்க விட்ட விலை ரொம்பக் குறைவு."

டாக்டர் அவசரமாக அவர் கையை விட்டார். கண்ணால் ஏதோ ஜாடை காட்டினார். காலம் கடந்துவிட்டது.

"எவ்வளவு குறைவு?" என்றார் டாக்டரம்மா.

அண்ணி என் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

"வா வாலு. நம்ம வழக்கு முடிஞ்சுது. இது அவங்க வழக்கு."